லேசான தாமதம்

உன் கட்டுரையை மூன்று தடவை படித்துவிட்டேன். லிங்க்கை அனுப்பி, இதைப் பார்த்துத்தான் வெளிநாட்டுக் கம்பெனியில் வேலையே கொடுத்தார்கள் என்று நீ சொன்னபோது, நான் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஒரகடத்திலிருந்து குன்றத்தூர் வருவதற்குள் ஒரு தடவை. வீட்டுக்கு வந்து, தெரியாத இங்கிலீஷ் வார்த்தைகளைப் போனில் தட்டித் தட்டி அர்த்தம் பார்த்து இரண்டு தடவை. ஆயிரக்கணக்கான கட்டங்கள் உள்ள ஒரு வலைப்பக்கத்தில் டூல்டிப் என்கிற குட்டிப் பெட்டியை எப்படி வேகமாக்கினாய் என்று படம் போட்டு, கோடு போட்டு, அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். நிறையப் பேர் கைதட்டும் பொம்மை போட்டிருக்கிறார்கள். அடியில் கருத்து எழுத ஒரு கட்டமும் வைத்திருக்கிறாய். அதனால்தான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாமல் இங்கேயே எழுதுகிறேன். உன் புது ஆபீஸில் தமிழ் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

வியாழக்கிழமை உனக்கு விமானம். புதன்கிழமை மலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வரலாம், லீவு சொல்லிவிடு என்றாய். நான் வர மாட்டேன். எனக்குக் கால் வலியும் இல்லை, லீவு கிடைக்காமலும் இல்லை. உன்னோடு படி ஏறப் பிடிக்கவில்லை. பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று உன் அப்பா கேட்டார். அவர் பாவம், வேன் ஓட்டிவிட்டு வந்து டீவி பார்ப்பதோடு சரி, அவருக்கு எதுவும் தெரியாது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நமக்குள் நடிப்பு வேண்டாம்.

கட்டுரையின் நாலாவது வரியைப் பார். லேசான தாமதம் இருப்பதாகச் சில பயனர்கள் தெரிவித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். அர்த்தம் சரிதானே? அந்தச் சில பயனர்களில் ஒருத்தியை உனக்குப் பெயர் சொன்னால் தெரியும். தேவகி. பென்னலூர்க்காரி. என் லைனில் வேலை பார்த்த ஒப்பந்தத் தொழிலாளி, வயது முப்பத்தாறு. அவளுடைய வலது உள்ளங்கை வெந்து, தோல் சுருங்கி, நாலு விரல் நிமிராமல் கிடக்கிறது. சோறு பிசைய முடியவில்லை, இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறாள். உன் கட்டுரையில் அவள் ஒரு லேசான தாமதம்.

உன் புது ஆபீஸ்காரர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், கேள். எங்களுடையது வண்டிகளுக்கு ரப்பர் பாகம் அடிக்கிற கம்பெனி. அச்சுகள் தோசைக்கல் மாதிரிக் கொதிக்கும். மெஷின் நின்ற பிறகும் சூடு இறங்க நேரம் பிடிக்கும். இறங்கிய பிறகுதான் மெல்லிய கையுறை போட்டுக்கொண்டு உள்ளே கை விட்டுத் துடைக்கலாம். முன்பெல்லாம் ஒவ்வொரு மெஷினிலும் சூடு காட்டுகிற மீட்டர் இருந்தது. நீ செய்த பக்கம் வந்த பிறகு, கெட்டுப்போன மீட்டரை மாற்றுவதையே விட்டுவிட்டார்கள், அதுதான் திரையில் வருகிறதே என்று. ஷெட்டின் நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் உன் பக்கம், ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு குட்டிக் கட்டம். ஓடினால் பச்சை, நின்றால் சாம்பல். சூடு எவ்வளவு என்பது, கட்டத்தின் மேல் மவுஸை வைத்தால் எழும்புகிற சின்னப் பெட்டியில் வரும். அதைத்தான் நீ டூல்டிப் என்கிறாய். நாங்கள் சீட்டு என்போம். சீட்டு வந்துச்சா, வந்துச்சுக்கா, நாப்பதுக்கா என்று ஒருத்திக்கொருத்தி கேட்டுக்கொண்டுதான் கை விடுவோம்.

அந்த வேலையை உனக்கு வாங்கிக் கொடுத்தது யார் என்று நீ மறந்திருக்கலாம். படிப்பு முடித்து ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தாய். உன் சித்தி குடும்பம் வந்திருந்தபோது, எல்லார் எதிரிலும் உன்னைத் தண்டச்சோறு என்றேன். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். அதற்காக இப்போதும் நான் வருத்தப்படவில்லை, அன்றைக்கு நீ தண்டச்சோறுதான். ஆனால் மறுநாளே மேனேஜர் ரூம் வாசலில் போய் நின்றது நான்தான். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று ஷெட்டில் திரை போடப்போகிறது என்று கேள்விப்பட்டு, சார், என் பையன் இதுதான் படிச்சிருக்கான், அந்த கம்பெனியில சொல்லி வுடுங்க சார் என்று பதினைந்து வருஷ சர்வீஸை அடகு வைத்துக் கேட்டேன். அவர்களும் உன்னை எடுத்துக்கொண்டார்கள். உன் பக்கம் முதன்முதலில் திரையில் வந்த அன்று, ஷிப்டில் இருந்த அத்தனை பேருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். எம் புள்ள பண்ணது என்று சொல்லிச் சொல்லியே கொடுத்தேன். தேவகியும் ஒரு துண்டு வாங்கித் தின்றாள்.

முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, சீட்டு தடவித் தடவி வருகிறது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மவுஸை நகர்த்தினால், முந்தைய கட்டத்தின் சீட்டே கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம்தான் சரியான சூடு வரும். உன்னிடம் சொன்னேன். "என் லேப்டாப்ல நல்லாத்தாம்மா ஓடுது" என்றாய். உன் லேப்டாப் வாங்கி மூன்று மாசம். ஷெட்டில் இருந்தது எண்ணெய் படிந்த மவுஸும், ஆபீஸில் வேண்டாம் என்று தள்ளிய கம்ப்யூட்டரும். ஒரே ஒரு நாள் நேரில் வந்து பார்த்தாய். ரப்பர் நாற்றம் குடலைப் புரட்டுகிறது என்று கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டாய். சரி, சீட்டின் தலையில் அச்சு நம்பரையாவது போடுடா, எந்தக் கட்டத்தின் சீட்டு என்று தெரியட்டும் என்றேன். அசிங்கமாக இருக்கும் என்றாய். மவுஸ் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாதா என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? புகார் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். வேறு எவன் செய்த பக்கமாக இருந்தாலும் எழுதியிருப்பேன், அவனை வரவழைத்து நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருப்பேன். என் பையன் செய்ததாயிற்றே. அதனால் நோட்டை மூடி வைத்துவிட்டு, பெண்களுக்கு ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்தேன். மவுஸை வை, மூணு எண்ணு, அப்புறம் படி. ஒண்ணு, ரெண்டு, மூணு. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருத்திக்கும் செருப்பு எங்கே விடுவது, கையுறை எங்கே எடுப்பது என்று சொல்லும்போதே இதையும் சொன்னேன். கொஞ்ச நாளில் அது கம்பெனி சட்டம் மாதிரி ஆகிவிட்டது. மேனேஜரே விளக்கக் கூட்டத்தில் மூணு எண்ணுங்கம்மா என்றார். உன் தப்பை நான் எங்கள் பழக்கமாக்கினேன். யாருக்கும் அது தப்பு என்றே தெரியாமல் போயிற்று.

அப்புறம் பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் இருந்த எங்கள் இரண்டாவது ஷெட்டையும் அதே பக்கத்தில் சேர்த்தாய். கட்டங்கள் இரண்டு மடங்கு. அன்றிலிருந்து மூன்று எண்ணினால் போதவில்லை. கவனித்துப் பார்த்தேன், சரியான சீட்டு வர அஞ்சு எண்ண வேண்டியிருந்தது. நான் அஞ்சு எண்ண ஆரம்பித்தேன். நன்றாகப் படித்துக்கொள், நான் மட்டும் எண்ண ஆரம்பித்தேன். உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன், பார்க்கிறேன் என்றாய். அந்த மாசம்தான் உன் வேலையை நிரந்தரம் செய்யப்போகிறார்கள், எங்கள் மேனேஜர் கையெழுத்துப் போட்டு நல்ல விதமாக எழுதிக்கொடுக்க வேண்டும். இந்த நேரத்தில் பெண்களிடம் இனி அஞ்சு எண்ணுங்கள் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள், பேச்சு மேலே போகும். ஒரு மாசம்தானே, ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். பத்தொன்பது நாள் ஓடியது.

இருபதாவது நாள், சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. தேவகி கம்ப்யூட்டர் முன்னால் நின்று மவுஸை நகர்த்தினாள். அவள் துடைக்க வேண்டிய அச்சு அப்போதுதான் நின்றிருந்தது. பக்கத்துக் கட்டம் காலையிலிருந்தே ஆறிக் கிடந்தது. அதன் சீட்டுதான் இன்னும் திரையில் நின்றிருக்கிறது. அதைப் படித்தாள், அங்கிருந்து நாலு எட்டு நடந்து போய் உள்ளே கையை வைத்தாள். அவள் கத்தவில்லை. அய்யோ அக்கா என்று ஒரு தடவை சொன்னாள், யாரையோ கூப்பிடுகிற மாதிரி. கையுறை தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான்.

இரண்டு நாள் கழித்து விசாரணை. மேனேஜர், ஒப்பந்தக்காரரின் ஆள், ஆபீஸிலிருந்து ஒரு பெண், நான். என்னைக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. அந்த அம்மா மூன்று எண்ணினார்களா? "இல்ல சார். அவசரப்பட்டுட்டா" என்றேன். எழுதிக்கொண்டார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். விதியை மீறினாள் என்று ஒப்பந்தக்காரர் அவளை நிறுத்திவிட்டார். உன்னிடம்கூட இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அவள் கம்ப்யூட்டர் முன்னால் நின்றபோது நான் கையெட்டுகிற தூரத்தில்தான் நின்றேன். அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. முழுசாக எண்ணினாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே எண்ணினாள்.

இப்படி ஒரு பிள்ளையை எப்படி வளர்த்தேன் என்று யோசித்தால், விடை தூரத்தில் இல்லை. நாம் முன்பு குன்றத்தூரிலேயே வேறு வீட்டில், முதல் மாடியில் குடியிருந்தோமே, கீழே சரோஜா என்று ஒரு அம்மா பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினோரு வயசு. மோட்டாரைப் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாய். தொட்டி வழிந்து, சுவர் வழியாக இறங்கி, கல்யாணத்துக்குத் தைத்து வைத்திருந்த பட்டு பிளவுஸ்கள் அத்தனையும் சாயம் போயிற்று. அவள் மேலே வந்து கேட்டபோது, உங்க வூட்டு பைப்பு ஒழுவுது, அதுக்கு நாங்க இன்னா பண்றது என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். குரலை உயர்த்திச் சொன்னேன், தெருவே கேட்டது. அவள் இறங்கிப் போனாள். அடுத்த மாசம் வீட்டையே காலி செய்தாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நீ, "நான்தானம்மா மோட்டார் போட்டேன்?" என்று கேட்டாய். "வாய மூடிக்கினு சாப்புடு" என்றேன். நீயும் மூடிக்கொண்டாய். இன்றுவரை திறக்கவில்லை. அன்றைக்கு உன் காதைத் திருகிக் கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தால், இன்றைக்கு தேவகிக்குக் கை இருந்திருக்கும்.

விபத்து நடந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதைச் சரி செய்தாய். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாய், நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டு எடுத்து வருவதற்குள் முடித்துவிட்டாய். எனக்கு விளக்கம் வேறு சொன்னாய். இத்தனை நாளும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக ஒரு ஆளை நிறுத்தி, ஒவ்வொருத்தன் கையிலும் ஒரு சீட்டைக் கொடுத்து வைத்திருந்தாயாம். அத்தனை பேரையும் சுமந்துகொண்டு பக்கம் மூச்சு வாங்கியதாம். இப்போது கம்பெனி கேட் மாதிரி, முழுப் பக்கத்துக்கும் வாசலில் ஒரே ஆள், ஒரே சீட்டு. மவுஸ் எங்கே நிற்கிறதோ அங்கே அதே சீட்டை எழுதிக் காட்டுவான். மவுஸ் சும்மா கடந்து போனால் கேட்க மாட்டான், நின்றால்தான் கேட்பான். தாமதமாக வந்த பழைய பதிலைத் தூக்கிப் போட்டுவிடுவான். கண்ணுக்குத் தெரிகிற கட்டங்களை மட்டும்தான் வரைவான். "அவ்ளோதாம்மா, ஒண்ணுமே இல்ல, சின்ன வேல" என்று சொல்லிக்கொண்டே பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்தாய். நல்ல வேலைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. மறுநாள் ஷெட்டில் மவுஸை வைத்தேன், வைத்த கையோடு சீட்டு வந்தது. பெண்கள் பழக்கத்தில் இன்னும் மூன்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு தட்டு பஜ்ஜி நேரத்து வேலை. அதைத்தான் எட்டு மாசமாகக் கெஞ்சினேன்.

எனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை இல்லை. இருந்தாலும் சொல்வேன், பெற்றவள் வாய் சும்மா இருக்காது. போகிற இடத்தில் எது செய்தாலும், அதைத் தொடப்போகிறவர்கள் நிற்கிற இடத்தில் ஒரு முழு நாள் போய் நில். நாற்றம் அடித்தாலும் நில். அவர்கள் கம்ப்யூட்டரில், அவர்கள் மவுஸில் செய்து பார். உன் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது என்கிற வார்த்தையை இன்னொரு தடவை சொன்னாயென்றால், உன் நாக்கில் சூடு வைக்க நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அப்புறம், உன் குற்றத்துக்கு யாராவது அனுசரித்துக்கொண்டால் சந்தோஷப்படாதே, பயப்படு. முக்கியமாக, அனுசரிக்கிறவள் உன் அம்மாவாக இருந்தால்.

போன சனிக்கிழமை உன் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பென்னலூர் போனேன். விபத்துக்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை, என் லட்சணம் அது. தேவகி கதவைத் திறந்து, வாங்கக்கா என்றாள். எனக்கு நாற்காலி இழுத்துப் போட வலது கை உதவாமல் இடுப்பால் தள்ளிக்கொண்டு வந்தாள். டீ போட அவள் அடுப்படிக்குப் போனபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. பிறகு காகிதத்தை மடியில் வைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். நீ போட்டிருக்கிற கோட்டுப் படம் வந்தது. முதல் கோடு, இரண்டாவது ஷெட் சேருவதற்கு முன் சீட்டு வர எவ்வளவு நேரம். இரண்டாவது, சேர்ந்த பிறகு எவ்வளவு. மூன்றாவது, சரி செய்த பிறகு. இரண்டாவது கோட்டின் மேல் நாலரை நொடி என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். உன் வெற்றி பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே அதைச் சிவப்பில் போட்டாய்?

தேவகி அந்தச் சிவப்புக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப நான் மூணு எண்ணுனது கரீட்டுதானேக்கா?"

"கரீட்டுதான்."

"நான் எண்ணல, எண்ணலன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி, நெசமாவே எண்ணாம வுட்டுட்டேன் போலன்னு நானே நெனச்சிக்கினு கீறேங்க்கா. தெனமும் அதையே யோசிச்சிக்கினு கீறேன்."

நான் பார்த்தேன், நீ எண்ணினாய், தெரிந்தே பொய் சொன்னேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நான் குடித்து வைத்த டம்ளரை இடது கையால் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நானே கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று திங்கட்கிழமை. காலையில் கம்பெனி ஆபீஸில் ஒரு கடிதமும், தொழிற்சாலைகளைப் பார்க்கிற அரசாங்க ஆபீஸில் அதன் நகலும் கொடுத்துவிட்டேன். விசாரணையில் நான் சொன்னது பொய். தேவகி எண்ணினாள். சீட்டு பிந்தியது எனக்கும் பக்கத்தைச் செய்தவனுக்கும் முன்பே தெரியும். செய்தவன் என் மகன். உன் முழுப் பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன், என்னுடையதையும் எழுதினேன். கூடவே ஆதாரமாக உன் கட்டுரையை இணைத்திருக்கிறேன், சிவப்புக் கோட்டுப் பக்கத்தை மேலே வைத்து. எனக்கு வேலை போகும். உனக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியாது. கட்டுரையை இப்போது அழித்துப் பிரயோஜனம் இல்லை, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

உன் பெட்டியில் இரண்டு பாட்டில் ஆவக்காய் ஊறுகாய் வைத்திருக்கிறேன், கசியாமல் இருக்க மூடிக்கு மேல் டேப் சுற்றியிருக்கிறேன். சட்டைகளை இஸ்திரி போட்டு வைத்தாயிற்று. வியாழக்கிழமைக்குள் அந்த ஆபீஸிலிருந்து உன்னைக் கூப்பிடுவார்கள். தெரியாத நம்பராக இருக்கும், இந்த ஊர் நம்பர். மணி அடித்ததும் எடு. கையில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டு நிற்காதே.